சுவரில் ஒட்டிய நாளிதழும் மணவறை வெளிச்சமும்

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. கும்பகோணத்தில் ஸ்டுடியோ நடத்தும் எனக்கு அது லென்ஸ் துடைக்கும் மாதம். ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து, உள்கண்ணாடியில் பூஞ்சை நூல் நூலாகப் படர்ந்திருக்கிறதா என்று பார்ப்பேன். காவிரிக்கரை ஈரம் கண்ணாடிக்கு ஆகாது. தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பிகள் "எந்த லென்ஸ் வாங்கலாம் அண்ணே?" என்று வந்து நிற்பதும் இந்த மாதத்தில்தான். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் கடன் வாங்கியாவது ஒரு பெட்டி லென்ஸ் சேர்த்துவிட வேண்டும் என்ற அவசரம் முகத்திலேயே தெரியும்.

போன ஆடியில் வந்த தம்பியிடம் ஒரு 24-105 இருந்தது, 24 மி.மீ.யிலிருந்து 105 மி.மீ. வரை இழுக்கும் ஜூம் லென்ஸ். என்னிடம் இருப்பதும் அதேதான்: கேனன் 2005இல் வெளியிட்ட முதல் பதிப்பு, தொடக்கம் முதல் கடைசிவரை எஃப் 4 (இந்த எண் சிறுத்தால் ஒளி நுழையும் வாய் அகலும்). மண்டபத்தை முழுதாகவும் எடுக்கலாம், முகத்தை மட்டும் இழுத்தும் எடுக்கலாம். அதை விற்றுவிட்டு 50, 85, நெருக்கப் படத்துக்கான 100 மேக்ரோ, 70-200 என்று நான்கு வாங்கப் போவதாகச் சொன்னார். ஏன் என்றேன். "ஜூமில் ஷார்ப் வராதாமே." யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. அந்த நான்கும் என் பெட்டியில் இருந்தன. வெளியே தூறிக்கொண்டிருந்தது, கையில் வேலையும் இல்லை. பார்த்துவிடலாம் என்றேன்.

ஸ்டுடியோச் சுவரில் நாளிதழின் இரண்டு பக்கங்களை விரித்து, சுருக்கம் விழாமல் டேப் போட்டு ஒட்டினோம். பொடி எழுத்து நெருங்கிக் கிடக்கும் வரி விளம்பரப் பக்கம் இதற்கு வாகானது. கேமராவை முக்காலியில் ஏற்றினால் மட்டும் போதாது, அது சுவருக்கு நேராக நிற்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் ஒரு பக்கம் மங்கும்; பழி லென்ஸ் மேல் விழும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைத் தாளின் நடுவில் சுவரோடு ஒட்டி அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். கேமரா வழியாகப் பார்க்கும்போது உங்கள் லென்ஸின் வாய் படத்தின் நட்டநடுவில் தெரிந்தால் கேமரா நேராக நிற்கிறது. தெரியாவிட்டால் முக்காலியை நகர்த்துங்கள். இதற்கே எங்களுக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

பிறகு லென்ஸில் உள்ள அசைவுத் தடுப்பை அணைத்துவிட்டு, திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் வைத்து, இரண்டு வினாடி டைமரில் எடுத்தோம். எல்லாமே ரா கோப்புகள், அதாவது கேமரா கைவைக்காத படங்கள். ஜேபெக்கில் எடுத்தால் பல கேமராக்கள் வளைவையும் மூலை இருட்டையும் தாமாகவே சரிசெய்து கொடுத்துவிடும். அப்போது நாம் சோதிப்பது லென்ஸை மட்டும் என்று சொல்ல முடியாது.

எஃப் 8இல் எடுத்த படங்களின் பெயர்களை மாற்றிவைத்து, எது ஜூம், எது இழுக்க முடியாத ஒற்றைத் தூர லென்ஸ் என்று தம்பியைச் சொல்லச் சொன்னேன். பாதிக்கு மேல் தப்பு. சரியாகச் சொன்னவையும் ஊகம்தான் என்று அவரே ஒத்துக்கொண்டார். எஃப் 4இல் கதை கொஞ்சம் மாறியது. 105இல் ஜூமின் எழுத்துகள், பக்கத்தில் 100 மேக்ரோவை வைத்துப் பார்த்தால் சற்றே பஞ்சு பிடித்தாற்போல் இருந்தன. 24இல் மூலைகள் இருண்டு, நாளிதழின் ஓரக்கோடு பீப்பாய்போல் வெளியே பிதுங்கியது. மென்பொருளில் அந்த லென்ஸுக்கான திருத்தத்தை ஒரு சொடுக்கில் போட்டதும் கோடு நிமிர்ந்தது, மூலை வெளுத்தது. இழுத்து நிமிர்த்திய மூலையில் கூர்மை கொஞ்சம் குறையத்தான் செய்கிறது. ஆனால் மண்டபப் படத்தின் மூலையில் இருப்பது ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் கால். அதை யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில்லை.

இந்தச் சுவர்ச் சோதனையை வீண் என்று சொல்லிவிட மாட்டேன். சில வருடங்களுக்கு முன் பெருநகரத்தில் ஒரு கடையில் பழைய ஜூம் ஒன்று வாங்கினேன். கீறல் இல்லை, பூஞ்சை இல்லை. விலையும் மலிவு. இரண்டு கல்யாணம் எடுத்து ஆல்பம் அச்சாகி வந்த பிறகுதான் கண்ணில் பட்டது: குடும்பப் படங்களில் இடது ஓரத்தில் நிற்பவர்கள் எல்லோரும் மங்கல். எங்கோ கீழே விழுந்து உள்ளே ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கிறது. பெண்ணின் பெரியப்பா அந்தப் பக்கம் நின்றது என் கெட்ட நேரம். சுவரில் ஒரு தாளை ஒட்டி இடது மூலையையும் வலது மூலையையும் ஒப்பிட்டிருந்தால் கடையிலேயே தெரிந்திருக்கும். ஒரே லென்ஸின் இரண்டு மூலைகளை ஒப்பிடுவதற்குத்தான் நாளிதழ் உதவும். அங்கே எடுத்த படத்தை வைத்து ஜூமைத் தலைமுழுகத் தேவையில்லை.

மறுநாள் சாயங்காலம் தம்பியை, தெரிந்தவர் மண்டபம் ஒன்றுக்கு அழைத்துப்போனேன். காலியான மண்டபம், மணவறை விளக்குகள் மட்டும் போடச் சொன்னோம். கையோடு தவில்காரர் ஒருவரையும் வரச் சொல்லியிருந்தேன். ஆடியில் அவருக்கும் ஓய்வுதான். 24-105இல் எஃப் 4, வினாடியில் 125இல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 6400 (ஒளியை உணரும் அளவு; ஏற்றினால் படத்தில் புள்ளி அடிக்கும்). முகம் நன்றாக விழுந்தது, கூடு மாட்டிய விரல்கள் பனிமூட்டம்போல் விழுந்தன. அசைவுத் தடுப்பு இருக்கிறதே என்றார் தம்பி. அது நம் கை நடுக்கத்தைத்தான் பிடிக்கும், தவில்காரர் கையைப் பிடிக்காது. 85ஐ மாட்டி எஃப் 1.8 வைத்தோம். நான்கை 1.8ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் ஐந்துக்குச் சற்றுக் குறைவு. அத்தனை மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது. அதே ஐஎஸ்ஓவில் ஷட்டர் 600ஐத் தொட்டது, விரல் நின்றது. ஷட்டரை உயர்த்தாமல் விட்டால் ஐஎஸ்ஓ 1300 பக்கம் இறங்கி, பட்டுப்புடவையின் அரக்கு நிறம் புள்ளி அடிக்காமல் வரும். இதை எந்த மென்பொருளும் முழுதாக ஈடுகட்டாது. புள்ளியைத் துடைக்கலாம், அசைந்த விரலைத் திரும்ப வரைய முடியாது.

இங்கே ஒரு இடக்கு இருக்கிறது. மணமகளை மட்டும் எடுத்தால் 1.8 அழகுதான். ஆனால் இரண்டு மீட்டர் தள்ளி நின்று 85இல் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 6 செ.மீ. பெண்ணின் கண்ணும் மூக்குத்தியும் அதற்குள் அடங்கும், அரையடி பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளை அடங்க மாட்டார். இருவரும் தெளிவாக வர வேண்டுமென்றால் 4, 5.6 என்று மூடியாக வேண்டும். மூடியபின் 85க்கும் 24-105க்கும் வெளிச்சத்தில் என்ன வித்தியாசம்? தம்பி அன்று ரொம்ப நேரம் பேசாமல் இருந்தது இதைக் கேட்டபிறகுதான்.

பின்னணி மங்கலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 105ஐ 4ஆல் வகுத்தால் 26. ஒளி நுழையும் வாயின் விட்டம் மில்லிமீட்டரில். 50ஐ 1.8ஆல் வகுத்தால் 28. ஆளை ஒரே அளவில் சட்டத்துக்குள் வைத்து, பின்னணி வெகுதூரத்தில் இருந்தால், மங்கலின் அளவு இந்த விட்டத்தைப் பொறுத்தது. மகாமகக் குளக்கரையில் எதிர்க்கரை மண்டபங்கள் பின்னால் தெரிய எடுத்துப் பாருங்கள். 105இல் எடுத்ததும் 50இல் எடுத்ததும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கரையும். 85 எஃப் 1.8க்கு விட்டம் 47; அது வேறு சங்கதி. ப்ளருக்காக 50 வாங்குகிறேன் என்று வருபவர்களிடம் நான் போடும் முதல் கணக்கு இது. 50 மலிவு, சட்டைப் பையில் வைக்கலாம், இருட்டில் உதவும். அவற்றுக்காக வாங்கினால் எனக்கு மறுப்பில்லை.

ஜூம் நிஜமாகவே கைவிரிக்கும் இடம் நெருக்கம். என் 24-105 அதிகபட்சம் 0.23 மடங்குதான் உருப்பெருக்கும். இரண்டு செ.மீ. அகலத் தாலி, 36 மி.மீ. சென்சாரில் 4.6 மி.மீ. மட்டுமே அடைக்கும். 24 மெகாபிக்சல் கேமராவில் அது 770 பிக்சல் அகலம். நன்றாக அச்சிட்டால் இரண்டரை அங்குலம். 100 மேக்ரோ முழு அளவில் எடுப்பதால் அதே தாலி 3,300 பிக்சல்களை நிரப்பும், ஆல்பத்தின் ஒரு பக்கம் முழுக்க வரும். திருமாங்கல்யத்தில் கொத்தியிருக்கும் நாமமோ லிங்கமோ ஆசாரியின் உளி பட்ட தடத்தோடு தெரியும். தெளிவின் ஆழம் மட்டும் எஃப் 11இல் கூட ஒன்றரை மில்லிமீட்டரை எட்டாது. ஆகவே முக்காலியும் விளக்கும் வேண்டும். கூட்டத்துக்கு நடுவே நின்று செய்கிற காரியமில்லை. புதிய ஜூம்கள் இதில் முன்னேறியிருக்கின்றன: சோனியின் 24-105 0.31 மடங்கும், நிக்கானின் இசட் வரிசை 24-120 0.39 மடங்கும் எட்டுகின்றன. மோதிரம், மெட்டி அளவுக்கு அது பலருக்குப் போதும்.

70-200 விஷயத்தை நீட்டத் தேவையில்லை. 105இல் எடுத்ததை 200 அளவுக்கு வெட்டினால் 24 மெகாபிக்சலில் 6.6 மிஞ்சும். ஆல்பத்தில் 10 அங்குல அகலப் படத்துக்கு அது போதும். 12க்கு 36 இரட்டைப் பக்கத்தில் விரித்தால் குட்டு வெளிப்படும். மேடையிலிருந்து தள்ளி நிற்கச் சொல்லும் நிகழ்ச்சிகளை அதிகம் எடுப்பவர் வாங்கட்டும்.

கோயில், கட்டடம் எடுப்பவர்கள் ஜூம் மேல் சுமத்தும் பழி ஒன்றையும் இங்கே இறக்கிவைக்கிறேன். தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலின் தேர் மண்டபத்தை 24இல் அண்ணாந்து எடுத்துவிட்டு, தூண்கள் உள்ளே சாய்கின்றன, லென்ஸ் சரியில்லை என்பார்கள். தூண் வில்லாக வளைந்தால் அது லென்ஸ். நேராக இருந்துகொண்டே சாய்ந்தால் அது கேமராவை மேலே தூக்கிய நம் கை. மிக உயர்ந்த ஒற்றை லென்ஸை மாட்டினாலும் அப்படியேதான் சாயும். அதைத் தீர்க்க, கேமராவைத் தூக்காமல் லென்ஸை மட்டும் நகர்த்தும் டில்ட்-ஷிஃப்ட் என்று தனி வகையே உண்டு. அல்லது கொஞ்சம் பின்னால் போய், கேமராவை நிமிர்த்திப் பிடித்து, கீழே மிஞ்சும் தரையை வெட்டிவிடலாம். நான் பின்னால் போகும் கட்சி.

இனி, இத்தனை லென்ஸ் வைத்திருக்கிறவன் ஏன் முகூர்த்தத்துக்கு அந்தப் பழைய 24-105ஐ மாட்டிக்கொண்டு போகிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். தொழில் தொடங்கிய புதிதில் இரண்டு ஒற்றை லென்ஸோடு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். ஒரே கேமரா. கெட்டிமேளம் கொட்டும்வரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. முதல் முடிச்சை 85இல் எடுத்தேன். அடுத்து நாத்தனார் குனிய வேண்டும். அவரும் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒன்றாகச் சட்டத்துக்குள் வர வேண்டும். பின்னால் நகரலாமென்றால் வீடியோக்காரர் முட்டி என் முதுகில் இடிக்கிறது. லென்ஸைக் கழற்றினேன். சரியாக அந்த வினாடியில் நான்கு பக்கமிருந்தும் அட்சதை வந்து விழுந்தது. மஞ்சள் தடவிய அரிசி ஒன்று கேமராவின் திறந்த வாய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மூன்றாவது முடிச்சு விழுந்தபோது நான் கேமராவைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஆல்பத்தில் நாத்தனார் இல்லை. அந்த அம்மாள் இன்றைக்கும் கடைத்தெருவில் பார்த்தால் விசாரிக்கிறார்.

மூன்று முடிச்சுக்குள் 24இலிருந்து 70க்கும் அங்கிருந்து 105க்கும் போய்வருவதற்கு மணிக்கட்டை ஒரு முறை திருப்பினால் போதும் என்பதை நாளிதழ் ஒட்டிய எந்தச் சுவரும் காட்டாது.

தம்பிக்கு இரண்டு வேலை கொடுத்தேன். கடந்த பத்துக் கல்யாணங்களில் வாடிக்கையாளர் ஆல்பத்துக்குத் தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் திறந்து, எத்தனை மி.மீ.யில் எடுத்தவை, எஃப் எவ்வளவு, ஐஎஸ்ஓ எவ்வளவு என்று எழுதிவரச் சொன்னேன். எல்லாம் கோப்பிலேயே பதிவாகியிருக்கும். இரண்டாவது, வாங்க நினைக்கும் லென்ஸை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து, சம்பளம் வாங்கும் வேலையில் மாட்டிப் பார்க்கச் சொன்னேன். நான்கு நாள் கழித்து ஒரு பள்ளிக்கூட நோட்டோடு வந்தார். பெரும்பகுதி 35க்கும் 85க்கும் நடுவே. 105இல் முட்டி நின்று இன்னும் இழுக்க முடியவில்லையே என்று ஏங்கிய படங்கள் மிகச் சில. ஐஎஸ்ஓ 6400ஐத் தாண்டியவை எல்லாம் ஒரே இரண்டு மண்டபங்களில் எடுத்தவை. நகைப் படம் ஒன்றுகூட ஆல்பத்தில் இல்லை. எடுத்திருந்தவற்றை வாடிக்கையாளர்களே ஒதுக்கியிருந்தார்கள்.

கடன் விண்ணப்பம் பையிலேயே மடிந்து கிடந்தது. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு நானும் விருந்தாளியாகப் போயிருந்தேன். தம்பியின் கழுத்தில் 24-105, தோளில் பழைய கேமரா ஒன்றில் 50. வாடகை மேக்ரோவைப் பையில் போட்டு ஜிப் இழுத்திருந்தார். தாலித் தட்டு மணவறைக்குப் போகும் முன்பே, விடியற்காலையில், மணமகள் அறை ஜன்னலோரம் தாலியை எடுத்து முடித்துவிட்டாராம். கெட்டிமேளம் கொட்டியது, அட்சதை பறந்தது. எதையும் கழற்றாமல் நாத்தனார் பக்கம் திரும்பி வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்.