செல்லகக் காந்த ஒத்ததிர்வு: சொல் விளக்கம்

வேலூருக்குச் சிகிச்சைக்கு வருவோர் பலருக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தெரிந்த பெயர். காட்பாடிப் பக்கம் வேதியியல் படிக்கும் மாணவர்களுக்கோ, மூலக்கூறுகளை ஆராய உதவும் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) அதைவிட நெருக்கமானது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. ‘அணுக்கரு’ என்ற சொல் நோயாளிகளுக்குக் கதிரியக்க அச்சத்தைத் தரும் என்பதால் மருத்துவப் பெயரிலிருந்து நீங்கிவிட்டது. ஆய்வகப் பெயரில் மட்டும் தங்கியிருக்கிறது. உயிருள்ள செல்லுக்குள்ளேயே புரதத்தை ஆராயும் ‘இன்-செல் என்.எம்.ஆர்.’ முறைக்குத் தமிழ்ப்பெயர் சூட்டும்போது இடறுவதும் அந்தச் சொல்லில்தான். உயிரியல் படித்தவர் கரு என்றதும் செல்லின் உட்கருவை நினைப்பார். இங்கே கரு என்பது ஹைட்ரஜன், நைட்ரஜன் முதலிய அணுக்களின் கரு. செல்லை ‘உயிரணு’ என்று எழுதினால் மயக்கம் இன்னும் கூடும். ஆகவே பாடநூல் வழக்கான ‘செல்’லையே கொண்டு, ‘செல்லக அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு அலைமாலையியல்’ என்பதே தகும் என்று கருதுகிறேன்; சுருக்கமாக, செல்லகக் காந்த ஒத்ததிர்வு.

‘ரெசனன்ஸ்’ என்பதன் இலத்தீன் வேர் மீண்டொலித்தலைக் குறிக்கும். வலிய காந்தப்புலத்தில் உள்ள அணுக்கரு தனக்குரிய அதிர்வெண்ணில் வரும் ரேடியோ அலையை மட்டுமே ஏற்பதால், ‘ஒத்ததிர்வு’ மூலத்தைவிடத் தெளிவான சொல். அலைகளை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் பதிவான ‘ஸ்பெக்ட்ரம்’ இலத்தீனில் தோற்றம் என்று பொருள்படும். அதற்கு ‘நிறமாலை’ பெருவழக்கு. ஆயினும் ரேடியோ அலைக்கு நிறமில்லை என்பதால் இங்கு ‘அலைமாலை’யே பொருந்தும்.

திண்மத்திலும் நீர்மத்திலும் இந்த ஒத்ததிர்வை 1946-இல் ஃபீலிக்ஸ் பிளாக்கும் எட்வர்ட் பர்செலும் தனித்தனியே கண்டறிந்து, 1952-இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். ஃபோல்கர் டோட்ச் குழுவினர் 2001-இல் எ.கோலி பாக்டீரியாவுக்குள் இருந்த புரதத்தின் அலைமாலையை வெளியிட்டனர். 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் உயிருள்ள எ.கோலிக்குள்ளேயே ஒரு புரதத்தின் முப்பரிமாண வடிவத்தை வரைந்தனர்.

செல்லுக்குள் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அவற்றுள் ஒரு புரதத்தை மட்டும் அடையாளம் காண, இயற்கை நைட்ரஜனில் 0.4 விழுக்காட்டுக்கும் குறைவாக உள்ள நைட்ரஜன்-15 ஐசோடோப்பை (சற்றே கனமான நைட்ரஜன் வகையை) அதில் ஏற்றுகிறார்கள். அப்போது புரோலின் தவிர்த்த ஏறத்தாழ ஒவ்வொரு அமினோ அமிலமும் அலைமாலையில் ஒரு புள்ளியாகத் தெரியும். பாஸ்பேட் சேர்ந்தால் புள்ளி இடம் நகரும்; புரதம் பெரிய மூலக்கூறொன்றில் ஒட்டிக்கொண்டால் புள்ளி மங்கி மறையும். இந்த மறைவும் ஒரு செய்திதான்: தூய்மையாக்கிய புரதத்தைச் சோதனைக்குழாயில் தனியே வைத்துப் பார்ப்பவருக்கு அது கிட்டாது.

மெல்லிய கண்ணாடிக் குழாயில் செறிந்திருக்கும் செல்களுக்கு விரைவிலேயே ஆக்சிஜனும் உணவும் குறையும். சில செல்கள் உடையவும் கூடும். எனவே அளவீடு முடிந்ததும் செல்களைப் பிரித்துவிட்டு, எஞ்சிய நீர்மத்தைத் தனியே அளக்கிறார்கள். அதிலும் அதே புள்ளிகள் தெரிந்தால், பதிவான குறிகை கசிந்த புரதத்துடையதாக இருக்கலாம்; அதைச் செல்லக அளவீடு என்று கொள்வதில்லை.