கட்டணத் தள்ளுபடியோடு நின்றுவிடாதீர்கள்: கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கான உதவிகள்

கலிபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களில், அதாவது பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு தரும் அரசுக் கல்லூரிகளில், மாநிலவாசிகளுக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர் கட்டணம். வருமானம் குறைந்தவர்களுக்குக் காலேஜ் பிராமிஸ் கிராண்ட் என்ற மாநிலத் திட்டம் அதையும் தள்ளுபடி செய்துவிடுகிறது. பலர் அத்துடன் நின்றுவிடுகிறார்கள். ஆனால் நான் பார்த்தவரையில் மாணவர்களைப் படிப்பை விட வைப்பது கட்டணம் அல்ல, வாடகையும் சாப்பாடும்தான். அவற்றுக்கு உதவும் அமெரிக்க மத்திய அரசின் பெல் கிராண்டும், மாநில அரசின் கால் கிராண்டும் ஃபாஃப்சா என்ற மத்திய அரசின் மாணவர் நிதி உதவி விண்ணப்பத்தின் வழியாகக் கிடைக்கும். பெல் கிராண்ட் மட்டுமே 2025-26 கல்வியாண்டில் 7,395 டாலர் வரை கிடைக்கும். கால் கிராண்டுக்கு மார்ச் 2 என்ற முதல் கடைசி நாள் தவறிப்போனாலும், கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்குச் செப்டம்பர் 2 என்ற இரண்டாவது கடைசி நாள் உண்டு.

ஃபாஃப்சாவில் முதல் சிக்கல் பெற்றோரின் வருமான விவரம். திருமணமோ குழந்தையோ இல்லாத, 24 வயது நிறையாத மாணவர் தனியே வாழ்ந்து தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டாலும், பெரும்பாலும் பெற்றோரைச் சார்ந்தவராகவே கருதப்படுவார். வீட்டில் கொடுமை, தொடர்பு அறுந்த நிலை, தங்க இடமின்மை ஆகியவை இருந்தால் விண்ணப்பத்தை அப்படியே கைவிடாமல், கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்தில் சார்புநிலை மாற்றத்தை, அதாவது பெற்றோரைச் சாராதவராகக் கருதும்படி, எழுத்து மூலம் கேளுங்கள். படிவம் கேட்பது இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய வருமானத்தை என்பதால், இடையில் வேலை போயிருந்தால் அது கணக்கில் வராது. அதற்கும் மறுமதிப்பீடு உண்டு; ஆனால் நீங்களாகக் கேட்காதவரை யாரும் அதைச் சொல்வதில்லை.

மிக அதிகமானோர் ஏமாற்றமடைவது, வருமானம் குறைந்தவர்களுக்கான கால்ஃபிரெஷ் என்ற உணவு உதவியில்தான். 18 முதல் 49 வயதுக்குள், பாதி நேரமோ அதற்கு மேலோ படிப்பவருக்கு வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், ஏதேனும் ஒரு விலக்கு பொருந்தினால்தான் உதவி கிடைக்கும். வாரத்துக்குச் சராசரியாக 20 மணி நேர வேலை அவற்றில் ஒன்று மட்டுமே. ஆனால் இந்த உதவிக்கான விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) அலுவலகத்தில் அந்த ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு, "மாணவருக்குக் கிடையாது" என்று அனுப்பிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஈஓபிஎஸ் என்ற, பின்தங்கிய மாணவர்களுக்கான கல்லூரி உதவித் திட்டத்தில் இருப்பது, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பராமரிப்பது, வொர்க் ஸ்டடி என்ற, நிதி உதவியின் பகுதியாகத் தரப்படும் மாணவர் வேலைக்கு ஒப்புதல் பெற்று அப்பருவத்தில் வேலை செய்ய எண்ணுவது ஆகியவையும் விலக்குகளே. வொர்க் ஸ்டடியில் ஒப்புதலே போதும், வேலை கையில் இருக்க வேண்டியதில்லை. ஆகவே நேர்காணலுக்கு முன்பே கல்லூரியிடமிருந்து உங்களுக்குப் பொருந்தும் விலக்கை உறுதிசெய்யும் கடிதத்தை வாங்கி, கவுண்டியில் கொடுத்து, ரசீதையும் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்துக்காக எந்த மேசைக்குப் போவது என்று தெரியாவிட்டால், மாநிலச் சட்டப்படி ஒவ்வொரு கம்யூனிட்டி காலேஜிலும் இருக்க வேண்டிய அடிப்படைத் தேவைகள் மையத்துக்குச் செல்லுங்கள்.

கிடைத்த பணம் திரும்பப் போகும் வழியும் உண்டு. ஒரு பருவத்தின் 60 சதவீதம் முடியுமுன் எல்லாப் பாடங்களிலிருந்தும் விலகினால், பெல் தொகையில் ஒரு பகுதி உங்கள் பெயரில் கடனாகிவிடும். உடல்நலம் கெட்டு விலகியவர்களுக்கும் அந்தப் பில் வருகிறது. ஆகவே எந்த வகுப்பைக் கைவிடுவதற்கு முன்னும் நிதி உதவி அலுவலகத்திடம் கேளுங்கள். பில் வந்துவிட்டால், கல்லூரிக்கு வைத்த கடனுக்காக மதிப்பெண் பட்டியலை நிறுத்தி வைப்பதை மாநிலச் சட்டம் 2020 முதல் தடை செய்திருப்பதை நினைவில் கொள்ளுங்கள். பொதுவாக மதிப்பெண் 2.0 சராசரிக்குக் (4.0 அளவில்) கீழே போனாலோ, எடுத்த யூனிட்டுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை முடிக்காவிட்டாலோ நிதி உதவி நிற்கும். அப்போது மருத்துவச் சான்று போன்ற ஆதாரத்துடன் மேல்முறையீடு செய்யலாம்.

கால்ஃபிரெஷ் மறுப்பை வாய்ச்சொல்லாக ஏற்காதீர்கள். எழுத்தில் கேளுங்கள்; மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து 90 நாள்களுக்குள், அந்த முடிவை மாநில அரசு மறுபரிசீலிக்கும் மாநில விசாரணையைக் கோரலாம், அதற்குக் கட்டணம் இல்லை.