பட்டாளத்து மனக்காயத்துக்கும் இ.சி.எச்.எஸ். கார்டு செல்லும்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர்கள் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். கார்டைச் சர்க்கரைக்கும் கண்புரைக்கும் மூட்டுவலிக்கும் எடுத்துப் போவார்கள். மனநல சிகிச்சைக்கும் அதே கார்டு செல்லும் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் வாய்விட்டுக் கேட்பதில்லை.

கோயில் திருவிழாவில் வேட்டுச் சத்தம் கேட்டதும் முகப்பில் உட்கார்ந்திருந்தவர் வெலவெலத்துப்போய் உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொள்கிறார். ராத்திரி அலறி எழுகிறார். செத்துப்போன சிநேகிதர் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். இப்படிப் பல அறிகுறிகள் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையையும் கெடுத்தால் பி.டி.எஸ்.டி. என்ற, பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயாக இருக்கலாம். அதை மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நடந்ததைப் படிப்படியாகப் பேசி அதன் பிடியைத் தளர்த்தும் பேச்சு சிகிச்சைதான் இதற்கு முதன்மையானது. செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளும் உண்டு. அவை வேலைசெய்யச் சில வாரங்கள் ஆகும். பட்டாளக் கேண்டீன் கோட்டா மதுபாட்டிலே தூக்கமருந்தாகிப்போன வீடுகள் இங்கே இருக்கின்றன. மருத்துவரிடம் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இ.சி.எச்.எஸ். 2003 ஏப்ரல் 1-இல் தொடங்கியது. பென்ஷன் வாங்கும் முன்னாள் படைவீரர், மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள், பெற்றோர் இதில் வருவார்கள். முதலில் உங்கள் கார்டுக்குரிய பாலிகிளினிக்குக்கு (இ.சி.எச்.எஸ். நடத்தும் மருத்துவ மையம்) போங்கள். "தலைவலி, கேஸ் டிரபிள்" என்று சுற்றிவளைக்காமல் தூக்கம் கெட்டதையும் பதற்றத்தையும் நேராகச் சொன்னால்தான் மனநலப் பிரிவுக்கு ரெஃபரல் (பரிந்துரைச் சீட்டு) கிடைக்கும். ரெஃபரலோடு போனால் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் பணம் கட்ட வேண்டியதில்லை. அவசரம் என்றால் எந்த மருத்துவமனையிலும் சேர்க்கலாம். அது அங்கீகாரப் பட்டியலில் இல்லாத மருத்துவமனையாக இருந்தால் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். பில்லை நீங்கள் கட்டிவிட்டு, அரசு நிர்ணயித்த கட்டண அளவில் திரும்பப் பெறலாம்.

பெரிய குழப்பம் பென்ஷன் விஷயத்தில்தான். இந்த நோய் பட்டாள வேலையால் வந்தது என்று நிரூபித்த பிறகுதான் சிகிச்சை கிடைக்கும் என்று நினைத்து வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அப்படியில்லை. சிகிச்சைக்குக் கார்டு போதும். ஊனமுற்றோர் பென்ஷன் கேட்டால்தான், நோய் பணியால் வந்தது அல்லது பணியால் முற்றியது என்பதும், பாதிப்பு குறைந்தது 20 சதவீதம் என்பதும் பார்க்கப்படும். அது மறுக்கப்பட்டால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயக் கிளை இருக்கிறது. மனநல மருத்துவரைப் பார்த்ததால் வாங்கிவரும் சர்வீஸ் பென்ஷன் குறையாது. 2017 மனநலச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம்.

பென்ஷன் இல்லாமல் வந்தவர்கள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இலவசமாகப் பார்க்கலாம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கம்தான். நடுராத்திரியில் தாங்கவில்லை என்றால் 14416-க்கு அடியுங்கள். டெலி-மானஸ் என்ற இந்த எண் 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். மனைவியோ பிள்ளையோகூட அழைக்கலாம்.

கார்டு இன்னும் எடுக்காதவர்கள் டிஸ்சார்ஜ் புக்கையும் பென்ஷன் ஆணையான பி.பி.ஓ.வையும் கொண்டு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழி கேளுங்கள். செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் கிடப்பதால், காரைக்குடிக்காரர்களுக்குச் சிவகங்கை, திருமயம் பக்கத்து ஊர்க்காரர்களுக்குப் புதுக்கோட்டை.