அட்டைக் காசோலையில் தெரியாத கணக்கு

தீபாவளி நெருங்கினால் கோலாலம்பூரின் பெரிய பேரங்காடி நிறுவனங்கள் தமிழ்ப்பள்ளிகளையும் ஆதரவற்றோர் இல்லங்களையும் தேடி வரும். ஆளுயர அட்டைக் காசோலை, இரு பக்கமும் சீருடையில் பிள்ளைகள், நடுவில் அதிகாரிகள், மறுநாள் நாளிதழில் படம். அந்தப் பணத்தில் நூலகத்துக்குப் புத்தகமும் வகுப்பறைக்கு மின்விசிறியும் வருகின்றன. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பிரிக்பீல்ட்ஸில் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதும் தொழிலில் இருப்பதால், அதே பேரங்காடிகளின் மறுபக்கமும் என் மேசைக்கு வந்து சேர்கிறது. கொடுத்த தொகையை மட்டும் பார்த்து ஒரு நிறுவனத்தைப் பொறுப்புள்ளது என்று சொல்லிவிடக் கூடாது. அந்தப் பணத்தை அது எப்படி ஈட்டியது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

செந்தூலில் ஓர் அக்கா முறுக்கு, ஓமப்பொடி, நெய்யுருண்டை செய்து விற்கிறார். அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலர் அவரிடம் வேலை செய்கிறார்கள். ஒரு பெரிய பேரங்காடியில் அவருடைய பொட்டலங்களுக்கு இடம் கிடைத்தபோது குடும்பமே கொண்டாடியது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சரக்கு போனது. பெரும்பகுதி திருநாளுக்கு முன்பே விற்றுத் தீர்ந்தது. வாங்கியவர்கள் கல்லாவில் கொடுத்த பணம் உடனுக்குடன் பேரங்காடிக்குச் சேர்ந்துவிட்டது. அக்காவின் கைக்கு வந்ததோ சீனப் புத்தாண்டை ஒட்டி. வந்த தொகையிலும் விளம்பரப் பங்கு, அலமாரியில் இடம் தந்ததற்கான கட்டணம், திரும்பி வந்த சரக்கு, உடைந்த பொட்டலம் என்று வரிசையாகப் பிடித்தம். இடைப்பட்ட மாதங்களில் மாவுக்கும் எண்ணெய்க்கும் சம்பளத்துக்கும் அவர் நகையை அடகு வைத்தார்.

சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் ஊழியருக்குச் சம்பளம் தர வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். அக்கா அதற்குக் கட்டுப்பட்டவர். அவருக்குப் பணம் தர வேண்டிய நிறுவனத்தைக் கட்டுப்படுத்துவது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் தவணை மட்டுமே. அந்த ஒப்பந்தத்தை எழுதியதும் அந்த நிறுவனமே. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்குச் செந்தூலின் ஒரு சிறு பட்டறை மாதக் கணக்கில் வட்டியில்லாக் கடன் கொடுக்கிறது. எனக்குக் கோபம் வருவது இங்கேதான்.

இந்தப் பழக்கம் நம் நாட்டோடு நிற்பதில்லை. பிரிட்டனில் பேரங்காடிகள் தங்களுக்குச் சரக்கு வழங்குவோரை நடத்தும் முறையைக் கண்காணிக்கத் தனி அதிகாரி இருக்கிறார். வழங்குவோருக்குச் சேர வேண்டிய பணத்தைத் தாமதப்படுத்தி டெஸ்கோ நிறுவனம் விதிகளைக் கடுமையாக மீறியதாக 2016 ஜனவரியில் அவர் அறிக்கை வெளியிட்டார். பெயரைச் சொல்லிக் கண்டிக்கும் அத்தகைய அதிகாரம் ஒருவர் கையில் இருந்தால் தவணைகள் தானாகவே சுருங்கும் என்று நம்புகிறேன்.

தமிழகத் தொலைக்காட்சிச் செய்திகளைப் பார்த்துவிட்டு, "லாபத்தில் 2 விழுக்காடு சமூகப் பணிக்குக் கொடுத்தே ஆக வேண்டுமாமே?" என்று பள்ளி வாரியத்தினர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. அது இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு மட்டும் பொருந்துவது. மலேசியாவில் அப்படிச் செலவிடும் கட்டாயம் இல்லை. இங்கே உள்ள கட்டாயம், வெளியே சொல்வதில்தான். புர்சா மலேசியா பங்குச் சந்தை 2006இல் சமூகப் பொறுப்புக்கு ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. சுற்றுச்சூழல், பணியிடம், சமூகம், சந்தை என்று நான்கு களங்களை அது வகுத்தது. நன்கொடை அவற்றில் ஒன்றுக்குள் அடங்கும் ஒரு பகுதி மட்டுமே. பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஆண்டறிக்கையில், சுற்றுச்சூழலையும் சமூகத்தையும் எப்படிக் கவனித்தோம் என்று சொல்லும் நிலைத்தன்மை அறிக்கையைச் சேர்க்க வேண்டும் என்ற விதி 2015இல் வந்தது. 2022இல் அது மேலும் இறுக்கப்பட்டு, சமூகத்துக்குச் செலவிட்ட தொகை, ஒப்பந்த மற்றும் தற்காலிக ஊழியர்களின் விகிதம், வேலையை விட்டுப் போனவர்களின் எண்ணிக்கை, உள்ளூரில் கொள்முதல் செய்த விகிதம் போன்றவற்றை எண்களாகவே தர வேண்டியதாயிற்று.

உள்ளூர்க் கொள்முதலின் விகிதத்தைக் கேட்கும் அந்தப் பட்டியல், எத்தனை நாளில் பணம் கொடுத்தீர்கள் என்று கேட்பதில்லை. ஆனால் அந்த விடை அதே ஆண்டறிக்கையின் பின்பகுதியில், நிதிநிலைக் கணக்கில் இருக்கிறது. ஆண்டிறுதியில் சரக்கு வழங்குவோருக்குக் கொடுக்க வேண்டியிருந்த கடனை, அந்த ஆண்டு விற்ற சரக்கின் அடக்கச் செலவால் (அந்தச் சரக்கை வாங்க ஆன செலவு) வகுத்து 365ஆல் பெருக்குங்கள். கடன் 180 மில்லியன் ரிங்கிட், அடக்கச் செலவு 730 மில்லியன் என்று வைத்துக்கொண்டால் விடை 90 நாள். கையிருப்புச் சரக்குக்கும் இதே கணக்கைப் போட்டு 40 நாள் என்று வந்தால், பொருள் விற்றுக் காசானபிறகும் 50 நாள் அந்த நிறுவனம் அடுத்தவர் பணத்தில் தொழில் செய்கிறது என்று பொருள். இது சராசரிதான், பெரிய உற்பத்தியாளருக்கு முன்னதாகவும் சிறியவருக்குப் பின்னதாகவும் கொடுத்திருக்கலாம். கணக்குக் குறிப்புகளில் வழக்கமான கடன் தவணை 30 முதல் 90 நாள் என்பது போல ஒரு வரியும் இருக்கும். பேரங்காடியோடு ஒப்பந்தம் போடப் போகும் தொழில்முனைவோர் கையெழுத்துக்கு முன் இந்த இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

ஒப்பந்த ஊழியர் விகிதத்தையும் கவனியுங்கள். பேரங்காடியின் தரையைத் துடைப்பவர், வாசலில் நிற்கும் பாதுகாவலர் பெரும்பாலும் வேறொரு குத்தகை நிறுவனத்தின் ஆட்கள். இவர்களில் நம்மவர்கள் பலர். குறைந்த விலை கேட்டவருக்கே குத்தகை போகும்போது, அந்தக் குறைவு முதலில் அவர்களின் சேமநிதியில்தான் விழுகிறது. ஒவ்வொரு மாதச் சந்தாவும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். கட்டப்பட்டதா என்பதை ஊழியர் தம் கைப்பேசியிலேயே பார்க்கலாம், தயவுசெய்து பாருங்கள். குத்தகைக்காரர் சம்பளம் தராமல் போனால், அவருக்குக் குத்தகை கொடுத்த முதன்மை நிறுவனத்திடமும் மூன்று மாதச் சம்பளம் வரை கேட்கும் வழியை வேலைவாய்ப்புச் சட்டத்தின் 33ஆவது பிரிவு திறந்துவைத்திருக்கிறது. தாமதிக்காமல் தொழிலாளர் இலாகாவுக்குப் போக வேண்டும்.

98 நாள் மகப்பேறு விடுப்பு, வாரத்துக்கு 45 மணி நேர வேலை ஆகியவற்றைத் தங்கள் பரிவின் சான்றுகளாக அச்சிடும் அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். 2023 ஜனவரி 1 முதல் இவை சட்டம். 2025 பிப்ரவரியில் வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளமும் அப்படியே. சட்டம் கேட்பதற்கு மேல் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கல்லாவில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணுக்கு ஒரு நாற்காலி போட்டார்களா? கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டமே கொண்டுவந்தது. ஒரு நிறுவனம் மனம் வைத்தால் சட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை.

மிஞ்சும் உணவைக் கொடுக்காமல் குப்பையில் கொட்டவும் சாக்கு இல்லை. நல்லெண்ணத்தோடு உணவு வழங்குவோரைப் பாதுகாக்க உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் 2020இலேயே வந்துவிட்டது. கல்லாவருகே வைக்கும் உண்டியலைப் பொறுத்தவரை, அதில் விழுவது வாடிக்கையாளர் பணம். நிறுவனத்தின் நன்கொடைக் கணக்கில் அது தனியாகக் காட்டப்பட வேண்டும்.

காசோலை வாங்கும் பள்ளி வாரியங்களும் கோயில் நிர்வாகங்களும் கூச்சப்படாமல் பேச வேண்டும். ஒரு நாள் விழாவுக்குப் பதில் மூன்றாண்டு உதவி கேளுங்கள். பணம் வங்கிக்கு எப்போது வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளைகளைப் படத்துக்கு நிறுத்தாதீர்கள்.

இன்னொரு வாசலும் நமக்குத் திறந்திருக்கிறது. பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் 100 பங்குகளை வாங்கினாலே ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமை வந்துவிடும். குறைந்தது 21 நாளுக்கு முன் அறிவிப்பு வரும். கேள்வியைத் தயார் செய்ய அது போதும். சிறு வழங்குவோருக்குச் சராசரியாக எத்தனை நாளில் பணம் தருகிறீர்கள், குத்தகை ஊழியரின் சேமநிதி கட்டப்பட்டதை யார் சரிபார்க்கிறார்கள் என்று இரண்டே கேள்விகளைக் கேளுங்கள். கூட்டக் குறிப்புகளை 30 வேலை நாளுக்குள் பங்குதாரர்களுக்குத் தர வேண்டும் என்று நிறுவனங்களை நடத்தும் முறையை வகுக்கும் 2021ஆம் ஆண்டின் மலேசிய நிறுவன ஆளுகை நெறி சொல்கிறது. உங்கள் கேள்வியும் அதற்கு இயக்குநர்கள் தந்த பதிலும் அதில் இடம்பெற்றிருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள்.