பூட் டிரைவ்: தொடக்க வட்டா, இயங்குதள வட்டா?

கணினி எந்த வட்டிலிருந்து இயங்கத் தொடங்குகிறதோ அதற்கு ஆங்கிலத்தில் பூட் டிரைவ் என்று பெயர். அதில் உள்ள ‘பூட்’, காலில் மாட்டும் பூட்ஸின் பூட்தான். நீளமான பூட்ஸின் மேல்விளிம்பில் பிடித்து இழுத்து மாட்டுவதற்கென்று ஒரு தோல் வளையம் இருக்கும். அதற்குப் பெயர் பூட்ஸ்ட்ராப். அந்த வளையத்தைப் பிடித்துத் தன்னைத்தானே மேலே தூக்கிக்கொள்வது என்பது 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பேச்சில் நடக்கவே நடக்காத காரியத்தைக் குறித்தது. தன் தோள்மேல் தானே ஏறி நிற்பது போல.

கணினிக்கு உண்மையாகவே அந்தச் சிக்கல் உண்டு. நிரல் ஓட வேண்டுமானால் அது நினைவகத்தில் இருக்க வேண்டும். நினைவகத்துக்கு அதைக் கொண்டுவர இன்னொரு நிரல் வேண்டும். அப்படியானால் முதல் நிரலைக் கொண்டுவருவது யார்? 1950களின் கணினிகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் அட்டையிலிருந்தோ நாடாவிலிருந்தோ சில கட்டளைகள் மட்டும் உள்ளே வரும். மிச்சத்தை அந்தச் சில கட்டளைகளே இழுத்துவரும். அந்தச் சிறு நிரலுக்குப் பூட்ஸ்ட்ராப் என்று பெயர் வந்து, பிறகு பூட் என்று தேய்ந்தது.

தமிழில் இதற்குத் ‘தொடக்கம்’ என்பதும் ‘துவக்கம்’ என்பதும் புழங்குகின்றன. முன்னதே நல்லது. ‘துவக்கு’ என்று ஒரு பொத்தானுக்குப் பெயர் வைத்தால் ஈழத்து வாசகருக்கு அது துப்பாக்கி. ‘பூட்’டை அப்படியே வைத்து ‘கணினியைப் பூட்டு’ என்று எழுதினாலோ பொருள் நேர்மாறாகிவிடும். ‘ஏர் பூட்டுதல்’ வேலையைத் தொடங்குவதுதானே என்று ஒருவர் கேட்கலாம். அழகான பொருத்தம், ஆனால் தற்செயல்.

டிரைவுக்குச் சிலர் ‘இயக்ககம்’ என்பார்கள். ஏற்கெனவே இயங்குதளம், இயக்கி, இயக்கம் என ஒரே வேரில் ஒரு கூட்டம் நிற்கும்போது இன்னொன்றைச் சேர்ப்பது வாசகரைத்தான் திணறடிக்கும். ‘வட்டு’ போதும். சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியில் வட்டமாக எதுவும் இல்லையே என்றால், டிரைவ் என்ற பெயருக்கேற்ப அதில் ஓட்டிச் சுழற்றவும் எதுவும் இல்லை. ஆக, பூட் டிரைவ் என்றால் தொடக்க வட்டு.

ஆனால் எது தொடக்க வட்டு? விண்டோஸ் இருக்கும் வட்டு என்பதே பெரும்பாலோர் பதில். ஒரே வட்டு உள்ள கணினியில் அது சரி. இரண்டு மூன்று வட்டுகள் இருந்தால் பெரும்பாலான குழப்பம் இந்தப் பதிலிலிருந்துதான் கிளம்புகிறது. தாய்ப்பலகையின் நிலைபொருள் (பலகையிலேயே பதிந்திருக்கும் நிரல்) விண்டோஸைத் தேடுவதில்லை, இயங்குதளத்தை நினைவகத்துக்குக் கொண்டுவரும் சிறு நிரலான தொடக்க ஏற்றியைத்தான் தேடுகிறது. ஏற்றி ஒரு வட்டிலும் விண்டோஸ் இன்னொன்றிலும் இருக்க முடியும். மைக்ரோசாஃப்ட் ஆவணங்கள் ஏற்றி இருக்கும் பகுதியைச் ‘சிஸ்டம் பார்ட்டிஷன்’ என்றும், விண்டோஸ் இருக்கும் பகுதியைப் ‘பூட் பார்ட்டிஷன்’ என்றும் அழைக்கின்றன. தலைகீழான பெயரிடல் இது. சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் தவறான வட்டைக் கழற்ற நேரும். எனவே ஏற்றி இருப்பது தொடக்க வட்டு, விண்டோஸோ லினக்ஸோ இருப்பது இயங்குதள வட்டு என்று தனித்தனியாகச் சொல்வதே நலம்.

பயாஸ் என்ற பழைய வகை நிலைபொருளில் ஏற்றியின் முதல் துண்டு வட்டின் முதல் 512 பைட்டில் இருக்கும். 446 பைட் நிரல், 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, கடைசி 2 பைட் 55ஏஏ என்ற முத்திரை. முத்திரை இருந்தால் பயாஸ் அந்த நிரலை ஓட்டிவிடும். அதில் உருப்படியாக ஏதும் உண்டா என்று பார்க்காது. வெறும் தரவு வட்டு வரிசையில் முதலில் வந்து, கறுப்புத் திரையில் கோடு மட்டும் சிமிட்டிக்கொண்டு நிற்பது இதனால்தான். அதற்குப் பின் வந்த யூஈஎஃப்ஐ வகையில் ஏற்றி ஒரு கோப்பு. ஃபேட்32 வடிவில், வழக்கமாக 100 எம்பி அளவில் ஒதுக்கப்படும் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனில் அது இருக்கும். அதன் இருப்பிடத்தைத் தாய்ப்பலகை தன் சில்லில் குறித்துவைத்திருக்கும்.

பழைய வட்டில் விண்டோஸ் இருக்கும்போதே புதிய என்விஎம்ஈ வட்டை (வேகமான எஸ்எஸ்டி வகை) செருகி, அதில் விண்டோஸை நிறுவுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். பழைய வட்டில் ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் இருந்தால், விண்டோஸின் நிறுவல் நிரல் புதிதாக ஒன்றை உருவாக்காமல் அதிலேயே ஏற்றியைப் போட்டுவிடுவதுண்டு. எல்லாம் ஒழுங்காக ஓடும், பழைய வட்டைக் கழற்றும் நாள்வரை. நிறுவும்போது மற்ற வட்டுகளின் கம்பிகளைக் கழற்றிவைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

கழற்றுவதற்கு முன்பே விண்டோஸில் உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். ‘சி’ டிஸ்க் 1இலும், ஈஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் டிஸ்க் 0இல் மட்டும் இருந்தால் நிலைமை இதுதான். முதலில் முக்கியக் கோப்புகளுக்கு நகல் எடுங்கள். வட்டைக் குறியாக்கும் பிட்லாக்கர் இருந்தால் மீட்புச் சாவியைக் குறித்துக்கொண்டு பிட்லாக்கரை இடைநிறுத்துங்கள். பிறகு ‘சி’யை 400 எம்பி சுருக்குங்கள். நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரம் திறந்து, வட்டுகளைப் பிரிக்கும் கருவியான டிஸ்க்பார்ட்டுக்குள் போய் லிஸ்ட் டிஸ்க் கொடுங்கள். புதிய வட்டின் வரியில் ‘ஜிபிடி’ (புதிய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை) பத்தியில் நட்சத்திரக் குறி இருக்க வேண்டும். அது இல்லையென்றால் இந்த வழி செல்லாது. குறி இருந்தால் செலக்ட் டிஸ்க் 1, கிரியேட் பார்ட்டிஷன் ஈஎஃப்ஐ சைஸ்=300, ஃபார்மேட் குயிக் எஃப்எஸ்=ஃபேட்32, அசைன் லெட்டர்=இசட், எக்ஸிட். அடுத்து இந்த ஒரு வரி (தட்டுவது ஆங்கில எழுத்தில்தான்):

பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் இசட்: /எஃப் யூஈஎஃப்ஐ

வட்டு எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 0, 1 என்பவை இணைப்பைப் பொறுத்து மாறும். அளவையும் மாடல் பெயரையும் ஒப்பிட்ட பிறகே செலக்ட் கொடுங்கள். முடிந்ததும் நிலைபொருள் அமைப்பில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ இரண்டு தெரியலாம். புதிய வட்டின் பெயர் கொண்டதைத் தொடக்க வரிசையில் முதலில் வையுங்கள். பழைய வட்டைக் கழற்றி ஒருமுறை தொடக்கிப் பார்க்கும்வரை அதில் எதையும் அழிக்க வேண்டாம்.

நிலைபொருளில் வட்டே தெரியவில்லையென்றால் இந்தக் கட்டளைகளால் பயனில்லை. பல தாய்ப்பலகைகளில் ஒரு எம்.2 செருகியில் (பலகையிலேயே எஸ்எஸ்டியைச் செருகும் இடம்) வட்டு ஏறினால், கம்பிவழி வட்டுகளை இணைக்கும் குறிப்பிட்ட சாட்டா முனைகள் செயலிழக்கும். எந்த முனைகள் என்பது கையேட்டில் இருக்கும். வட்டு தெரிந்தும் வரிசை அடிக்கடி கலைந்தால் 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரியைச் சந்தேகியுங்கள். அது தீரும்போது பல பலகைகளில் அமைப்புகள் எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். அப்போது சாட்டா வட்டுகளைக் கையாளும் முறை ரெய்டிலிருந்து ஏஎச்சிஐக்கு மாறிவிட்டால் விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும். நல்ல வட்டைக் குறைசொல்லித் தூக்கியெறிவது இப்படியும் நடக்கிறது.

ரீபூட்டுக்கு ‘மறுதொடக்கம்’ நிலைத்துவிட்டது. மின்சாரம் இல்லாத நிலையிலிருந்து தொடங்குவது தண் தொடக்கம். இங்கும் விண்டோஸ் ஒரு பொடி வைத்திருக்கிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால் ஷட் டவுன் கொடுத்தாலும் இயங்குதளக் கருவின் நிலை வட்டில் எழுதிவைக்கப்படும், அடுத்த முறை அதுதான் திரும்ப ஏறும். வட்டுகளை மாற்றிச் சோதிக்கும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்து, மின்செருகியைப் பிடுங்கிய பிறகு கம்பியில் கை வையுங்கள்.