மவுஸ் நகர்ந்தால் தம்புரா ஏன் இரைகிறது?

மேற்கு மாம்பலத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் தெரு அடங்கும், அப்போதுதான் நான் கம்ப்யூட்டரில் பழைய கச்சேரிப் பதிவுகளைப் போடுவேன். ஆலாபனைக்கு நடுவே பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் தம்புரா மட்டும் கேட்க வேண்டும், ஆனால் கூடவே மெல்லிசாக ஒரு 'ர்ர்ர்'. மவுஸை நகர்த்தினால் அதுவும் சுருதி மாறும்!

கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டு வெறும் எண் வரிசை. சிடி தரம் என்றால் நொடிக்கு 44,100 எண்கள், இடது வலதுக்குத் தனித்தனியாக, ஒவ்வொன்றும் 65,536 அளவுகளில் ஏதோ ஒன்று. அவற்றை மறுபடி மின்னழுத்தமாக மாற்றி ஆம்புக்கு (ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்) கொடுப்பதுதான் டாக் (DAC) என்பதன் வேலை. மதர்போர்டிலேயே ஒரு டாக் இருக்கிறது, சிப் என்று பார்த்தால் மோசமில்லை, அக்கம்பக்கம்தான் மோசம்: பவர் சப்ளை, கிராபிக்ஸ் கார்டு எல்லாம் அங்கேயே கிடந்து இரைகின்றன. சரி, வெளியே வைத்துவிடலாம் என்று ரிச்சி தெருவில் ஒரு டாக் வாங்கி யுஎஸ்பியில் செருகினேன். இரைச்சல் அப்படியே இருந்தது.

காரணம் எர்த். கம்ப்யூட்டரும் மூன்று பின், என் ஆம்பும் மூன்று பின். யுஎஸ்பி ஒயரின் எர்த் டாக் வழியாக ஆம்புக்குப் போய், அங்கிருந்து சுவரின் எர்த் வழியாகக் கம்ப்யூட்டருக்கே திரும்பி வட்டம் போடுகிறது. அந்த வட்டத்தில் ஓடும் கசிவு மின்சாரம் பாட்டோடு கலந்துவிடுகிறது. லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், சத்தம் நின்றால் இதுதான் கோளாறு. ஆம்பின் எர்த் பின்னை வெட்டச் சொல்லும் மகானுபாவர்கள் உண்டு, உயிர் மேல் ஆசை இருந்தால் கேட்காதீர்கள்.

இங்கேதான் எந்த ஒயர் என்பது முக்கியமாகிறது. பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். கோஆக்சியலிலும் (செம்பு ஒயர்) ஆப்டிகலிலும் (வெளிச்சம் ஓடும் ஒயர்) பரிமாறுபவர் தன் வேகத்துக்கு ஊற்றிக்கொண்டே போவார், இலைக்காரர் ஈடு கொடுக்க வேண்டும், அதாவது வரும் சிக்னலிலிருந்தே டாக் காலக்கணக்கைப் பிரித்தெடுக்க வேண்டும். அசின்க்ரனஸ் யுஎஸ்பியில் இலைக்காரர் கேட்டால்தான் சாம்பார்; கடிகாரம் டாக்கிடமே இருப்பதால் காலம் பிசகுவது குறைவு. இப்போது வரும் யுஎஸ்பி டாக்குகள் பெரும்பாலும் இந்த ரகம்தான், ஹெட்போன் மட்டும் போதும் என்பவர்களுக்கு வேறு யோசனையே வேண்டாம், ஹெட்போனுக்கு ஏது எர்த்?

ஆம்பும் ஸ்பீக்கரும் வைத்திருந்து இரைச்சலும் இருந்தால் ஆப்டிகல். 1983-இல் தோஷிபா கொண்டுவந்த ஏற்பாடு, சிவப்பு வெளிச்சம்தான் ஓடும், செம்பு கிடையாது, எர்த் தாண்டி வர வழியே இல்லை. பொதுவாக 96 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 96,000 எண்கள்) வரைதான் நம்பலாம் என்பார்கள், சிடி கேட்கிற காதுக்கு அது தாராளம். ஒயரை மட்டும் முறுக்கி மடக்கக் கூடாது. கோஆக்சியலில் செம்புதான் என்பதால் எனக்கு உதவவில்லை. தங்க முலாம் பூசிய ஆயிரக்கணக்கான ரூபாய் யுஎஸ்பி ஒயர் பக்கமே போகாதீர்கள்.

ஆப்டிகல் போட்ட அன்றும் 'ர்ர்ர்' கேட்டது, எனக்குத் தலை சுற்றிவிட்டது. அப்புறம் பார்த்தால் டாக்குக்குக் கரண்ட் மட்டும் இன்னும் கம்ப்யூட்டரின் யுஎஸ்பியிலிருந்தே போய்க்கொண்டிருக்கிறது, செம்பு வழியாக, எர்த்தும் சேர்த்து. அலமாரியிலிருந்து பழைய ரெண்டு பின் மொபைல் சார்ஜரை எடுத்து மாட்டிய பிறகுதான் மவுஸ் வாயை மூடியது.