முயலை ஏமாற்றும் நத்தை

சேலம் அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்தோடு வளர்ந்தவர்களுக்கு ரிபோசோமை விளக்குவது சுலபம். ஊடை கொஞ்சம் ஓடியதும் நெய்த துணியைக் கட்டையில் சுற்றியாக வேண்டும், இல்லையென்றால் தறி முட்டிக்கொள்ளும். செல்லுக்குள் புரதம் நெய்யும் ரிபோசோம் இன்னும் கறார். ஒவ்வோர் அமினோ அமிலம் சேர்ந்ததும் ஆர்.என்.ஏ. இழை மூன்று எழுத்து நகர வேண்டும். அதை நகர்த்தும் புரதத்தின் பெயர் ஈஈஎஃப்2. தொண்டை அடைப்பான் கிருமியின் நஞ்சு முடக்குவது இதைத்தான். தறி நின்றால் செல் சாகும்.

இந்தப் புரதம் ஒரு திசுவில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, அதைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி, அதாவது உடம்பு அந்நியப் பொருளுக்கு எதிராகச் செய்யும் புரதம், வேண்டும். பெரும்பாலும் அதை முயலிடமிருந்து பெறுகிறார்கள். ஆனால் மனித ஈஈஎஃப்2-வும் முயலுடையதும் ஏறக்குறைய அச்சு அசல் ஒன்று. சொந்த வீட்டு ஆளை முயல் எப்படித் திருடன் என்று பிடிக்கும்? அப்படிப் பிடிக்கக்கூடிய டி செல்களை, அதாவது எதிர்ப்பைத் தூண்டிவிடும் வெள்ளை அணுக்களை, அதன் உடம்பு முன்பே களைந்திருக்கும்.

அதற்காக ஒரு தந்திரம் செய்கிறார்கள். புரதத்தின் சிறு துண்டைச் செயற்கையாகச் செய்து, கலிபோர்னியாக் கடலோரம் வாழும் ஒரு நத்தையின் ரத்தப் புரதத்தோடு ஒட்டி முயலுக்கு ஊசி போடுகிறார்கள். செம்பு கலந்த நீல ரத்தம் அது, முயலுக்கு முழு அந்நியம். நத்தைப் புரதத்தைக் கண்டு டி செல்கள் ஆர்ப்பரிக்கும். அந்தக் கூச்சலில், கூடவே ஒட்டிக்கொண்டு வந்த துண்டுக்கும் பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் ஆன்டிபாடி தயாரித்துவிடும். முயல் பாவம், ஏமாந்தது தெரியாது.

சில வார இடைவெளியில் மறுபடி மறுபடி ஊசி, அப்புறம் ரத்தம் எடுத்து, ஆன்டிபாடி கலந்திருக்கும் தெளிந்த நீரான சீரத்தைப் பிரிப்பது. அதே துண்டைப் பதித்த குழாய்க்குள் சீரத்தை ஓடவிட்டால் வேண்டியது மட்டும் தங்கும்.

பல பி செல் வம்சங்களின் கலவை என்பதால் இது பாலிகுளோனல். அந்தத் துண்டையே வெவ்வேறு விதமாகப் பிடிக்கும் கைகள் பல. ஆனால் அடுத்த முயல் இதே கலவையைத் தராது. அதனால் எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் புட்டியின் லாட் எண்ணைக் குறிக்காமல் சோதனை செய்பவரை நான் நம்பமாட்டேன்.

சரி, வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஒரு சவ்வில் ஒட்டிப் பார்க்கும் சோதனைக்கு வெஸ்டர்ன் பிளாட் என்று பெயர். அந்தச் சவ்வில் சுமார் 95 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) இடத்தில், ஈஈஎஃப்2-வின் எடைக்கு, ஒரு கோடு விழ வேண்டும். அந்தக் கோட்டை ஒளிரவைக்க, முயல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் இன்னோர் ஆன்டிபாடி தேவை. அது பெரும்பாலும் ஆட்டிலிருந்து வருகிறது.